கண்ணியை வெட்டினால் செயின் புதிதாகாது

காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில், சம்மாந்துறைக்கு முன்னால் வருகிறது மாவடிப்பள்ளி. சுற்றிவர வயல்வெளி. மாரி காலத்தில் வெள்ளம் வீதிக்கு மேலால் பாயும். 2024 நவம்பர் 26 அன்று உழவு இயந்திரமொன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தது இங்கேதான். மற்றைய மாதங்களில் இது மீன் போகும் வழி. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில் காலையில் ஏறும் மீன், மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியில் ஐஸோடு சேர்ந்து மேற்கே போகும். நடு வீதியில் செயின் அறுந்தால் அன்றைய முதல் பெட்டியோடு கெட்டுவிடும். செயின் பற்களை விட்டு நழுவிப் பின் சில்லை இறுக்கிப் பிடித்தால் போவது முதல் மட்டுமல்ல.

இந்தப் பகுதியில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனை வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 தொடக்கத்தில்தான். இடையில் 2022இல் ரூபாய் விழுந்து உதிரிப்பாக விலை எகிறியது. அதே வருடம் கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளொன்றுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல். ஆகவே கராஜ்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. செயினை மட்டும் மாற்றினால் போதாதா? பல்லை மாற்றிப் போட்டால் பெற்றோல் மிஞ்சுமா? மாவடிப்பள்ளிப் பக்கமாக இருக்கும் சிறிய கராஜ் ஒன்றில் அரைநாள் உட்கார்ந்திருந்தபோது இரண்டையும் நானும் கேட்டேன். "முதல்ல அளந்து பாருங்க தம்பி, பிறகு கதைப்பம்" என்றார் அந்தக் காக்கா.

அளப்பதற்கு முன், எதை அளக்கிறோம் என்று தெரிய வேண்டும். 'செயின் இழுபட்டுப் போச்சு' என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஊசி, அதைச் சுற்றி ஒரு சிறு குழாய், அதற்கு மேல் உருளும் ஓர் உருளை இருக்கின்றன. 1880இல் இங்கிலாந்தின் மன்செஸ்டரில் ஹான்ஸ் ரெனோல்ட் என்ற சுவிஸ் நாட்டவர் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். தேய்வது அந்த ஊசியும் குழாயும். மூட்டு ஒவ்வொன்றிலும் கால் மில்லிமீற்றர் தேய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் 104 கண்ணி உள்ள செயினில் அது 26 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய இரண்டு கண்ணி நீளம். செயின் தொங்குவது அதனால்தான்.

இங்கேதான் எங்கள் பழைய பழக்கம் குறுக்கே வருகிறது. செயின் தொங்கினால் இரண்டு கண்ணியை வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுவது. நான் வளர்ந்த படுவான்கரையில் 2007 வரை இதைத் தவறென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. உதிரிப்பாகம் சோதனைச்சாவடி தாண்டி வந்தால்தான் உண்டு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் இதைவிட எவ்வளவோ செய்தார்கள். எனது மாமா ஒருவர் பின் பற்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் திருப்பிப் பூட்டுவார். ஒரு பக்கம் தேய்ந்த பல்லுக்கு மற்றப் பக்கம் புதிதாக இருக்கும் என்பது கணக்கு. கொஞ்ச நாளைக்கு அது வேலையும் செய்யும். பாகம் கிடைக்காத காலத்தின் அறிவு அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கடையில் பாகம் தொங்கும் காலத்தில் அதைத் தொடர்வது கைக்காசுக்கு நட்டம்.

காரணம் எளியது. கண்ணியை வெட்டினால் மொத்த நீளம் குறையும். மூட்டுக்கு மூட்டு இடைவெளி குறையாது. பற்சக்கரத்தில் பற்கள் 12.7 மில்லிமீற்றர் கணக்கில் வெட்டப்பட்டிருக்க, செயின் 12.95 இல் வந்து உட்காரப் பார்க்கும். உட்கார முடியாமல் பல்லின் மேலே ஏறும். பாரத்தைப் பல பற்கள் பகிராமல் ஒன்றிரண்டு மட்டும் தாங்கும். அந்தப் பற்கள் சுறாச் செட்டை போல ஒரு பக்கம் வளையும். அப்படி வளைந்த பற்சக்கரத்தில் புத்தம்புதுச் செயினைப் போட்டாலும் வளைந்த பல் அதன் உருளைகளைக் கௌவிப் பிடித்து, கொஞ்சக் காலத்திலேயே பழைய செயினாக்கிவிடும். முன் பற்சக்கரம், பின் பற்சக்கரம், செயின் மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொல்வது கடைக்காரரின் வியாபாரத் தந்திரமல்ல.

அளக்க ஓர் இரும்பு டேப் போதும். சிறிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் வருவது 428 அல்லது 420 செயின். எண் செயினின் பக்கத்தில் பொறித்திருக்கும். இரண்டிலும் ஊசிக்கு ஊசி அரை அங்குலம். எஞ்சினை நிறுத்தி, நடு ஸ்டாண்டில் ஏற்றி, கீழ்ப்பக்கச் செயினை இறுக இழுத்துப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணுங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலம். 12 அங்குலமும் அரைக்கால் அங்குலமும் காட்டினால் பணம் சேர்க்கத் தொடங்கலாம். கால் அங்குலம் கூடிவிட்டால் தேய்வு 2 சதவீதம், மாற்றும் நேரம். பின் பற்சக்கரத்தின் பின்விளிம்பில் செயினை விரலால் வெளியே இழுத்தும் பாருங்கள். பல்லின் அரைவாசி வெளியே தெரிந்தால் டேப் தேவையில்லை.

கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். 420உம் 428உம் ஒரே இடைவெளிதான். உள் அகலம் வேறு. முன்னது 6.35 மில்லிமீற்றர், பின்னது 7.94. ஒன்றின் பல்லில் மற்றது சரியாக உட்காராது.

இனிப் பல் எண்ணிக்கை. பின் பற்களை முன் பற்களால் வகுத்தால் வருவதுதான் விகிதம். முன்னே 14, பின்னே 42 என்றால் 3.00. பின் சில்லு ஒரு முறை சுற்ற முன் பற்சக்கரம் மூன்று முறை சுற்றுகிறது. முன்னே 15 போட்டால் 2.80. மேல் கியரில் 50 கிலோமீற்றர் வேகத்துக்கு 5000 முறை சுற்றிய எஞ்சின் இப்போது ஏறக்குறைய 4670 முறை சுற்றினால் போதும். சுற்று குறைந்தால் பெற்றோல் குறையும் என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் வருகிறது. முன்னே 13 போட்டால் 3.23, அதே வேகத்துக்கு 5385 சுற்று. எஞ்சின் கத்தும், ஆனால் இழுவை ஏறக்குறைய 8 சதவீதம் கூடும். முன்னே ஒரு பல் மாற்றுவது பின்னே மூன்று பல் மாற்றுவதற்குச் சமம் என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

15 பல் பெற்றோலை மிச்சம் பிடிக்குமா? தனியாளாக, காற்றில்லாத நாளில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் சமதரையில் ஒரே சீராக ஓடினால் கொஞ்சம் பிடிக்கலாம். மீன் பெட்டியோடு அம்பாறைக்குப் போகிறவருக்குப் பிடிக்காது. வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும். மாவடிப்பள்ளி வெளியில் அதைத் தடுக்க எதுவுமில்லை, போகும் திசையோ மேற்கு. பெட்டி முழுப் பாரத்தோடு இருப்பதும் அந்தப் பயணத்தில்தான். திரும்பி வரும்போது பெட்டியும் வெறுமை, காற்றும் முதுகில். 15 பல்லோடு மேல் கியரில் எஞ்சின் திணறும். கியரைக் குறைப்பார். குறைத்த கியரில் எஞ்சின் முன்னைவிட வேகமாகச் சுற்றும். மிச்சம் என்று நினைத்தது அங்கேயே போய்விடும். திணறத் திணற மேல் கியரிலேயே முறுக்கிப் பிடித்தால் எஞ்சினும் க்ளட்ச்சும் சூடாகித் தேயும்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். கம்பனி தந்த எண்ணிக்கையிலிருந்து காரணமில்லாமல் நகர வேண்டாம். நாளாந்தம் பாரம் ஏற்றுகிறவர் வேண்டுமானால் முன்னே ஒரு பல் குறைக்கலாம். ஆனால் சிறிய பற்சக்கரத்தில் செயின் கூடுதலாக மடங்கும், கொஞ்சம் விரைவாகத் தேயும். வயல் வரம்பில் உர மூட்டையோடு போகிறவருக்கு முன்னதைத் தொடாமல் பின்னே இரண்டு பல் கூட்டுவது நல்லது. பின்னே இரண்டு பல் கூடினால் அக்ஸில் 6 மில்லிமீற்றரளவு முன்னே நகர வேண்டியிருக்கும். அதற்கு இடமில்லையென்றால் நீளமான செயின் தேவை. முன்னே பல் கூட்ட நினைப்பவர் மூடிக்குள் இடமிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பூட்டும் வேலை கஷ்டமல்ல, ஒழுங்கு முக்கியம். பின் சில்லு தரையில் இருக்கும்போதே, பழைய செயின் கழற்றுமுன், ஒருவர் பின் பிரேக்கை மிதிக்க முன் பற்சக்கர ஆணிகளைத் தளர்த்திவிடுங்கள். செயின் போனபின் அதைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. பின் சில்லைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் றப்பர் துண்டுகளை அமத்திப் பாருங்கள். அவை நசிந்திருந்தால் புதுச் செயினும் ஒவ்வொரு கியருக்கும் உதைபடும். பின் பற்சக்கர நட்டுகளுக்கு மடிக்கும் வொஷர் இருந்தால் திரும்ப மடிக்காமல் விடாதீர்கள். செயின் லொக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும், வாய்ப்பக்கம் பின்னால். மாறிப் போட்டால் எங்காவது உரசும்போது கழன்று விழும்.

தளர்வை வாகனத்தின் கையேடு சொல்லும். சிறிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை. சில்லைச் சுற்றிப் பார்த்து, செயின் ஆக இறுகும் இடத்தில் அளக்க வேண்டும். பாரம் ஏறிப் பின்பக்கம் அமரும்போது செயின் இன்னும் இறுகும். மீன்காரர்களின் வண்டியில் பெட்டி இல்லாதபோது 'நல்லா டைட்' ஆக்கிவிடுவதுதான் நான் கண்ட பெரிய தவறு. எஞ்சினின் பெயரிங்கும் சேர்ந்து போகும். இரு பக்க அடையாளக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு அக்ஸில் நட்டை இறுக்கி, ஊசி இருந்தால் புது ஊசி போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயின் துடைப்பது வேண்டவே வேண்டாம். அப்படி விரல் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

செயின் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவது இளைஞர்களிடம் ஒரு ஸ்டைல். கடல் மணலும் உப்புக் காற்றும் உள்ள கரையில் அந்தத் தகரம் செயினுக்குக் கிடைத்த வரம். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஒயிலை ஊற்றுவதும் வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கிறது. மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்ததும் 90 கியர் ஒயிலைக் கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் விட்டு, கையால் சில்லைச் சுற்றி, மேலே நிற்பதைத் துணியால் எடுத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது ஊசிக்குள். வெளியே நிற்பது மணலைத்தான் பிடிக்கும். வெள்ளத்துக்குள்ளால் வந்த நாளில் இதை அன்றிரவே செய்ய வேண்டும், விடிந்தால் மூட்டுகளில் துரு ஏறியிருக்கும். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீற்றருக்குள் கொஞ்சம் தளரும். அது தேய்வல்ல, பாகங்கள் ஒன்றோடொன்று படிவது. ஒருமுறை இறுக்கிவிட்டு, டேப்பை எடுத்து 24 கண்ணி அளந்து, திகதியோடு பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதி வையுங்கள்.