சார்ஜ் ஏறுகிறது, ஃபைல் ஏறவில்லை

போனில் இருக்கும் கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். கேபிளைச் செருகியதும் திரையில் மின்னல் குறி வருகிறது, சார்ஜும் ஏறுகிறது. கம்ப்யூட்டரோ அப்படி ஒரு போன் வந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. 'சார்ஜ் ஏறுதே, அப்ப கேபிள் நல்லாத்தானே இருக்கு' என்று சொல்லிக்கொண்டு, போர்ட்டை மாற்றச் சொல்லிப் பலர் சர்வீஸ் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சார்ஜ் ஏறுவதை வைத்துக் கேபிளுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

வீணாய்ப்போன பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்று இருந்தால் பிளேடால் கீறிப் பாருங்கள். பொதுவாக சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நான்கு மெல்லிய ஒயர்கள் இருக்கும். சிவப்பில் 5 வோல்ட் வருகிறது. கறுப்பு அது திரும்பிப் போகும் வழி. இந்த இரண்டும் இருந்தாலே சார்ஜ் ஏறும். ஃபைல் போய்வருவது வெள்ளையிலும் பச்சையிலும்தான். ப்ளூடூத் இயர்போன், ட்ரிம்மர், கையடக்க விசிறி இவற்றோடு வரும் குட்டிக் கேபிள்கள் சிலவற்றில், செலவை மிச்சப்படுத்த அந்த இரண்டையும் வைப்பதே இல்லை. மேலே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நல்ல கேபிளிலும்கூட பிளக்கை ஒட்டிய கழுத்துப் பகுதி மடங்கி மடங்கி, உள்ளே வெள்ளையோ பச்சையோ அறுந்திருக்கலாம். சிவப்பும் கறுப்பும் பெரும்பாலும் சற்றுத் தடிமனானவை, அதனால் தாக்குப்பிடிக்கின்றன.

ஃபைல் நகரும் முன்பே அந்த இரண்டு ஒயர்களில் ஒரு விசாரணை நடக்கிறது. கேபிள் சேர்ந்ததும் போன் பச்சை ஒயரின் மின்னழுத்தத்தை உயர்த்திக் காட்டும். 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்பதற்கு அதுதான் அடையாளம். கம்ப்யூட்டர் உடனே 'நீ யார்?' என்று கேட்கும். தயாரித்த நிறுவனத்தின் எண், மாடல் எண் எல்லாம் அடங்கிய 18 பைட் விவரத்தைப் போன் அனுப்பும். பிறகு 1 முதல் 127-க்குள் ஒரு முகவரி அதற்கு ஒதுக்கப்படும். கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் முடிந்து, விண்டோஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பழகிய 'டிடிங்' கேட்கும்.

ஆகவே, கோளாறு எங்கே என்று தெரிய முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர் ஓடியும் சத்தமே இல்லையென்றால் பச்சை, வெள்ளை ஒயரில் பேச்சே தொடங்கவில்லை. கேபிளை மாற்றிப் பாருங்கள். 'யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று வந்தால் ஆள் வந்தது தெரிந்திருக்கிறது, பதில்தான் குளறியிருக்கிறது. பாதி அறுந்த ஒயர், அளவுக்கு மீறி நீண்ட மலிவுக் கேபிள், நடுவில் செருகிய ஹப், சில நேரம் கம்ப்யூட்டரின் டிரைவர் என இதற்குக் காரணம் பல. ஹப்பைக் கழற்றிவிட்டு, டெஸ்க்டாப் என்றால் சிபியுவின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். போனையும் கம்ப்யூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சத்தம் வந்தும் ஃபோல்டர் திறக்கவில்லையா? நல்ல சேதிதான். கேபிளும் போர்ட்டும் சரியாகவே இருக்கின்றன. போன்தான் அனுமதி தரவில்லை. ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்கள் பென்டிரைவ் போல நடந்துகொண்டன. மெமரி கார்டை அப்படியே கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிடும். கேபிளைக் கழற்றும்வரை போனில் பாட்டும் படமும் காணாமல் போயிருக்கும். பிறகு எம்டிபி என்ற முறை வந்தது. அதில் சேமிப்பகம் போனின் கையிலேயே இருக்கும், கேட்ட ஃபைலை மட்டும் எடுத்துத் தரும். கேட்டதும் தருவதில் ஆபத்தும் உண்டு: பொது இடத்து சார்ஜிங் பாயின்ட் வழியாகத் தகவலைத் திருடலாம் என்பதை 2011-இல் அமெரிக்காவின் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் எடுத்துக்காட்டினார்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், செருகியதும் 'சார்ஜ் மட்டும்' என்பதே இயல்பு நிலை. எரிச்சலூட்டினாலும் நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். போனின் லாக்கைத் திறந்து, மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, யுஎஸ்பி பற்றிய வரியைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கதவு திறந்துவிடும். ஐபோனில் 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?' என்ற கேள்விக்கு 'டிரஸ்ட்' என்று பதில் சொல்ல வேண்டும்.

கேபிளும் அனுமதியும் சரியாக இருந்து இன்னமும் தகராறு என்றால், டார்ச் அடித்து போர்ட்டுக்குள் பாருங்கள். டைப் சி துளையின் நடுவே ஒரு மெல்லிய நாக்கு; அதன் இரு பக்கமும் 12, 12 என 24 தொடுமுனைகள். பேன்ட் பாக்கெட்டின் பஞ்சும் தூசும், ஒவ்வொரு முறை பிளக் செருகும்போதும் உள்ளே இடிபட்டு, கம்பளித் துண்டு மாதிரி அடியில் இறுகிவிடும். 'டக்' என்று உட்காராமல் பிளக் ஆடினால் பெரும்பாலும் இதுதான் காரணம். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் நாக்கில் அழுத்தாமல் ஓரமாக மெல்ல நெம்பி எடுங்கள். சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம். மின்சாரம் வரும் முனையும் பக்கத்து முனையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. வீட்டில் செய்ய இன்னொரு சோதனையும் உண்டு. வழக்கமான டைப் சி பிளக்கில் ஃபைலுக்கான ஒயர்ஜோடி ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது, போனின் துளையிலோ இரு பக்கமும் உண்டு. பிளக்கைத் திருப்பிச் செருகியதும் வேலை செய்தால், போனின் ஒரு பக்க முனையில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது என்று அர்த்தம்.

போன் தெரிகிறது, ஆனால் ஆமை வேகம் என்பவர்களும் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். 2023-இல் வந்த ஐபோன் 15 புரோவின் போர்ட் நொடிக்கு 10 கிகாபிட் வரை அனுப்பும். பெட்டியில் கூடவே வந்த கேபிளுக்கு 480 மெகாபிட்தான் வரம்பு. பல ஆயிரம் கொடுத்து வாங்கிய போனுக்கே இந்தக் கதி.

வீட்டு டிராயரில் கிடக்கும் கேபிள்களை இன்றே ஒருமுறை செருகிப் பார்த்து, ஃபைல் போகும் கேபிளில் ஒரு கலர் நூலைக் கட்டி வையுங்கள். இனி எப்போதாவது அதிலும் போன் தெரியவில்லை என்றால் மட்டும் சர்வீஸ் கடைக்குப் போங்கள். அந்தக் கேபிளைக் கையோடு கொண்டுபோய், போர்ட்டை மாற்றும் முன்பு உங்கள் கண்ணெதிரே அதைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.