வாசிக்க முடியாமற்போன நாட்கள்

2013ஆம் ஆண்டு இரண்டாந் தவணை. என் மேசையில் 35 கட்டுரைக் கொப்பிகள் மூன்று கிழமையாகக் கிடந்தன. நான் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை. பத்தாந் தரத்துப் பிள்ளைகள் எழுதிய ஒன்றரைப் பக்கக் கட்டுரைகள்தான் அவை. இரண்டு பின்னேரங்களில் திருத்தி முடித்துவிடலாம். ஆனால், முதற் கொப்பியைத் திறந்து இரண்டாவது வரிக்குப் போனால் முதல் வரியில் என்ன இருந்தது என்பது மறந்துவிடும். திரும்பவும் முதல் வரிக்கு வருவேன். இப்படிப் பத்துத் தடவைக்கு மேல். எழுத்துக்கள் தெரியும், சொற்களும் தெரியும். பொருள்தான் சேராது. "ரீச்சர், கொப்பி திருத்தியாச்சா?" என்று பிள்ளைகள் கேட்டபோது காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், இதே நான் சங்கிலியை அடகு வைத்து ஒரே நாளில் 60 புத்தகங்கள் வாங்கியிருந்தேன். இரவில் இரண்டு மணித்தியாலம்கூட நித்திரை கொள்ளாமல் வாசித்தேன். களைப்பே வரவில்லை.

இரண்டுமே ஒரே வருத்தத்தின் இரண்டு பக்கங்கள். அதற்குப் பைபோலார் என்று பெயர். தமிழில் இருமுனை மனநிலைக் கோளாறு என்கிறார்கள். மனம் சில காலம் அளவுக்கு மிஞ்சி எழும்பும், சில காலம் அடியில் போய்க் கிடக்கும், இடையில் வழமையாக இருக்கும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி 2019இல் உலகில் ஏறத்தாழ 40 மில்லியன் பேர் இந்த வருத்தத்தோடு வாழ்ந்தார்கள். இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் நித்திரை, கோபம், செலவு, தற்கொலை எண்ணம் என்பவற்றைச் சொல்வார்கள். வாசிப்புக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது குறைவு. படிப்பையே சீதனமாகவும் சொத்தாகவும் நினைக்கிற எங்கள் சமூகத்தில், வாசிக்க முடியவில்லை என்பதை வெளியில் சொல்வது வெட்கம். அந்த வெட்கத்தால் நான் ஒரு வருடத்தை இழந்தேன்.

சோர்வில் என்ன நடக்கிறது?

மனச்சோர்வைக் கண்டறிய வைத்தியர்கள் பார்க்கும் அறிகுறிகளில் ஒன்று, கவனத்தைக் குவிக்க முடியாமை. இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்து, நித்திரை, பசி, தென்பு எல்லாம் மாறியிருக்கும்போது இதுவும் சேர்ந்து வரும்.

ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள, அதன் தொடக்கத்தை முடிவு வரும்வரை மூளை கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். சோர்வு காலத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். 'நான் ஒன்றுக்கும் உதவாதவள்', 'என்னால்தான் எல்லாம்' என்று மனம் அரைத்துக்கொண்டிருக்கும்போது வசனத்துக்கு இடமேது? தமிழில் இன்னொரு சிரமமும் உண்டு. எங்கள் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஐந்து வரி நீளமான வசனத்தில் யார், எங்கே, ஏன் என்பதையெல்லாம் சுமந்துகொண்டுபோனால்தான் கடைசியில் என்ன நடந்தது என்று தெரியும். சுகமாக இருக்கும்போது இது பாரமாகத் தெரியாது. சோர்வில் நடுவழியிலேயே எல்லாம் கைநழுவிவிடும்.

யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கு மற்றொரு காரணமும் இருக்கலாம். மனவடுவும் கவனத்தைக் கலைக்கும். வாசிப்பதென்றால் வெளிச்சத்தத்தை மறக்க வேண்டும். நாங்களோ கிபிரின் இரைச்சலுக்கும் ஷெல் குத்தும் சத்தத்துக்கும் காது கொடுத்தே உயிர் தப்பியவர்கள். சண்டை முடிந்த பிறகும் காது வாசலிலேயே காவல் நிற்கிறது. மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பினாலும் கண் பக்கத்தை விட்டு எழும்பிவிடும்.

2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோதும் எனக்கு இப்படி ஒரு காலம் வந்தது. கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டைக்கூட வாசித்து முடிக்க முடியவில்லை. ஒருவரும் அதை வருத்தமாகப் பார்க்கவில்லை. எல்லோரும் யாரையாவது பறிகொடுத்திருந்த இடத்தில் ஒருத்தி பேசாமல் குந்தியிருப்பது யார் கண்ணில் படும்? துக்கமும் மனச்சோர்வும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தும் வரும். "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்ற சொல்லுக்குள் எங்கள் சனத்தில் எத்தனையோ பேருடைய வருத்தம் மறைந்து கிடக்கிறது.

எழுச்சியில் என்ன நடக்கிறது?

எழுச்சிக் காலம் இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் அது திறமைபோலத் தெரியும். ஒரு கிழமைக்கு மேல் மனமும் உடலும் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடும். நித்திரை தேவைப்படாது. எண்ணங்கள் ஒன்றை ஒன்று முந்தும். 2013 மாசி மாதத்தில் நான் ஒரே நேரத்தில் ஒன்பது புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தேன். சக ஆசிரியர்கள் மெச்சினார்கள்.

பிறகு அந்தப் புத்தகங்களைத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் எல்லா வரிகளுக்கும் கீழே கோடு. ஓரமெல்லாம் அம்புக்குறிகள். ஒரு நாவலின் பாத்திரமும் வானிலை அறிக்கையும் எனக்குத்தான் ஏதோ சேதி சொல்கின்றன என்று எழுதி வைத்திருந்தேன். ஒன்பது புத்தகங்களில் ஒன்றின் கதையும் நினைவில் இல்லை. அது வாசிப்பே அல்ல. என் ஓட்டத்தைத்தான் நான் புத்தகத்தில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பங்குனியில் என்னை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். அப்போதுதான் வருத்தத்தின் பெயர் தெரிந்தது.

குளிசையும் எழுத்தும்

மருந்தும் வாசிப்பைத் தொடும். இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில குளிசைகள் நித்திரைத் தூக்கத்தைத் தரும். சில, கிட்ட உள்ள எழுத்தை மங்கலாக்கும். லித்தியம் சிலருக்குக் கைநடுக்கத்தையும் மந்தத்தையும் தரும். கேடயச் சுரப்பியின் வேலையைக் குறைத்து அதனாலும் சோர்வைக் கொண்டுவரலாம். அதனால்தான் லித்தியம் எடுப்பவர்களுக்கு ஒழுங்காக இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த வருத்தத்தை ஆராய்பவர். அவருக்கும் இதே வருத்தம் உண்டு. 1995இல் வெளியான தன்னுடைய நினைவுநூலில், கூடிய அளவில் லித்தியம் எடுத்த காலத்தில் பத்து வருடங்களுக்கு மேலாகக் கனமான நூல் ஒன்றை முழுமையாக வாசிப்பது தனக்கு அரிதாகவே இருந்தது என்று எழுதியிருக்கிறார். பிறகு வைத்தியரோடு பேசி அளவைக் குறைத்தபோது வாசிப்பு திரும்பியது. மருந்தை அவர் கைவிடவில்லை. வாசிக்க முடியாத அந்தக் காலத்தில் அவர் சிறுவர் நூல்களை எடுத்தார். கென்னத் கிரஹாம் 1908இல் வெளியிட்ட 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' அவற்றில் ஒன்று. அதில் அகழான் ஒன்று, தான் விட்டுவந்த பழைய வீட்டின் வாசனையை வழியில் திடீரென்று உணரும். அந்த இடத்தில் அவர் அழுதுவிட்டாராம். வீட்டை விட்டு ஓடிவந்த எங்களுக்கு அந்த இடத்தை விளக்கத் தேவையில்லை.

நான் செய்தது பிழையான வழி. கொப்பி திருத்த முடியவில்லை என்று ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்தினேன். திடீரென்று நிறுத்தினால் வருத்தம் திரும்பி வரும் ஆபத்துக் கூடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. "எனக்கு வாசிக்க ஏலாமல் இருக்கு" என்று கிளினிக்கில் சொல்லியிருந்தால், அளவையோ எடுக்கும் நேரத்தையோ மாற்றியிருப்பார்கள். பிறகு சொன்னபோது அதைத்தான் செய்தார்கள். கண்ணையும் சோதிக்கச் சொன்னார்கள். பாதிப் பிரச்சினை கண்ணாடியோடு போனது.

அம்மாவின் உரப்பை

வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது என் புத்தகங்கள் எல்லாம் உரப்பைகளில் கட்டிக் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. "வாசிச்சு வாசிச்சுத்தான் பிள்ளைக்கு மூளை பிசகினது. உதுகளை இனித் தொடாதை" என்றார் அம்மா.

படித்துப் படித்துப் பைத்தியமானவன் என்று ஒருவரைக் காட்டாத ஊர் எங்களிடம் இல்லை. அம்மாவுக்கு அதற்கு மேலும் ஒரு பயம் இருந்தது. 1987இல் இந்திய இராணுவம் வீடு வீடாகச் சோதனை போட்டபோது, அப்பாவின் புத்தகங்களை அடுப்பில் வைத்து எரித்தவர் அவர். பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து ஆறு வருடங்கள்தான் ஆகியிருந்தன. எதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவகாசம் இல்லை. புத்தகம் பிள்ளைக்கு ஆபத்தைக் கொண்டுவரும் என்பதை அவர் ஒரு முறை கண்ணால் கண்டவர்.

கிளினிக்கில் வைத்தியர் அம்மாவை இருத்திச் சொன்னார்: "புத்தகம் வாசிச்சு ஒருத்தருக்கும் இந்த வருத்தம் வாறேல்லை அம்மா. வருத்தம் தொடங்கினபடியால்தான் பிள்ளை விடிய விடிய வாசிச்சது. நித்திரை முழிக்கிறதுதான் கூடாது." அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் வந்தது. பகலில் புத்தகம் என்னுடையது. இரவு ஒன்பதரைக்கு லைட்டை நிற்பாட்டும் பொறுப்பு அம்மாவுடையது.

திரும்பி வந்த வழி

என் வாசிப்புத் திரும்பியது நாவலில் அல்ல, மரண அறிவித்தலில். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் பத்திரிகையை நீட்டி, "ஆர் ஆர் போட்டினம் எண்டு பார்" என்றார். உரத்து வாசித்தேன். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தாயார். ஒவ்வொன்றும் சிறியது. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியும். நான் தடுமாறிய இடத்தில் அம்மா உறவுமுறையை எடுத்துக் கொடுத்தார். இருபது நிமிடம் போனதே தெரியவில்லை.

பிறகு யோசித்தபோது இது எங்களிடம் பழையகாலம் தொட்டு இருக்கும் முறைதான் என்று தெரிந்தது. கோயில்களில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார், சனம் இருந்து கேட்கும். தனியாக, மௌனமாக, முழுப் புத்தகத்தையும் முடிப்பதுதான் வாசிப்பு என்று பிறகுதான் நாங்கள் நினைக்கத் தொடங்கினோம். உரத்து வாசிக்கும்போது கண்ணோடு காதும் வாயும் சேர்ந்து வசனத்தைத் தாங்கும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் பாரம் இரண்டாகப் பிரியும்.

சோர்வு காலத்தில் எனக்கு உதவியவை சின்ன விடயங்கள். குறுகிய வசனங்கள் உள்ள நூல், முன்பே வாசித்த நூல், சிறுவர் கதை, ஒரு பக்கத்தில் முடியும் எழுத்து. பத்து நிமிடம் என்று நேரம் குறித்துவிட்டு, விளங்கினாலும் விளங்காவிட்டாலும் நிறுத்துவது. இவை மருந்துக்குப் பதிலாகாது, மருந்தோடு சேர்ந்து போகிறவை.

யுத்தத்தைப் பற்றிய நூல்களை அந்தக் காலத்தில் தொடுவதில்லை. முள்ளிவாய்க்காலைப் பற்றி வரும் எழுத்தை வாசிக்காமல் விடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று முன்பு நினைத்தேன். இப்போது நிலை சீரான காலத்தில், பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது வாசிக்கிறேன். நெஞ்சு படபடத்தால் மூடி வைக்கிறேன். புத்தகம் காத்திருக்கும்.

கலண்டரில் ஒவ்வொரு நாளும் இரண்டு எண்கள் குறிக்கிறேன். எத்தனை பக்கம் வாசித்தேன், எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டேன். பக்கம் ஏறி, நித்திரை மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் அம்மாவிடம் சொல்லிக் கிளினிக்குக்குப் போவேன். இரண்டு கிழமை பக்கம் குறைந்துகொண்டே போனாலும் அப்படித்தான். எனக்கு மற்ற எந்த அறிகுறியையும்விட முந்திக்கொண்டு வருவது இதுதான்.

உங்கள் வீட்டில் முன்பு நன்றாக வாசித்த ஒருவர் புத்தகத்தை மூடி வைத்திருந்தால், "ஏன் இப்ப படிக்கிறாயில்லை?" என்று கேட்காதீர்கள். அவரும் அதைத்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். பரீட்சைக்கு இருக்கும் பிள்ளை "மண்டையில ஏறுதில்லை" என்று கிழமைக்கணக்கில் சொன்னால், சோம்பல் என்று ஏசுவதற்கு முன்னர் நித்திரையையும் சாப்பாட்டையும் விசாரியுங்கள். அரச வைத்தியசாலைகளின் உளநலக் கிளினிக்குகளில் காசு தேவையில்லை. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

அந்த 35 கொப்பிகளையும் கடைசியில் திருத்தினேன். ஒரு நாளைக்கு மூன்றாக, அம்மாவுக்கு உரத்து வாசித்துத் திருத்தினேன். கிளிநொச்சிக் குளத்தைப் பற்றி எழுதிய ஒரு பிள்ளைக்கு அம்மாதான் கூடப் புள்ளி போடச் சொன்னார். போட்டேன்.