வேலை செய்யாத பிரேக்கரை நம்பலாமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. நகரின் சாரம் பகுதிக்குப் பக்கத்திலுள்ள ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் வெள்ளம் நின்றது. இப்படியொரு வெள்ளம் வடிந்த பிறகு மின்பணியாளர் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி., எம்.சி.சி.பி. போன்ற சிறிய பிரேக்கர்களைக் காயவைத்து மறுபடி மாட்டக் கூடாது, மாற்றிவிட வேண்டும். அடுக்குமாடிகளிலும் மருத்துவமனைகளிலும் முதன்மைப் பேனலில் இருக்கும் ஏ.சி.பி. என்னும் பெரிய பிரேக்கரை மட்டும், தயாரிப்பாளரின் ஒப்புதலோடு, பிரித்துச் சுத்தம் செய்து சோதித்துப் பார்த்து மறுபடி பொருத்த இடமுண்டு.

விலை மட்டும் இதற்குக் காரணமில்லை. சிறியதன் உறை நிரந்தரமாக மூடப்பட்டது. உள்ளே துரு ஏறியதா, சேறு படிந்ததா என்று பார்க்க வழியில்லை. பெரியதைத் திறக்கலாம், அளக்கலாம்.

அளந்து பார்க்க அப்படி என்ன இருக்கிறது? ஸ்விட்சைப் போலத்தானே பிரேக்கரும் மின்சாரத்தை நிறுத்துகிறது? அப்படித் தோன்றும். ஆனால் அது நிறுத்த வேண்டிய மின்சாரத்தின் அளவைக் கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் முழுச்சுமையில் தருவது சுமார் 667 ஆம்பியர். அதன் வாசலிலேயே ஷார்ட் சர்க்யூட் ஆனால், டிரான்ஸ்ஃபார்மரின் சொந்த மறிப்பு (இம்பிடன்ஸ்) மட்டும்தான் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். அந்த மறிப்பு 5 சதவீதம் என்று கொண்டால், ஓட்டம் 20 மடங்காகி 13,300 ஆம்பியரைத் தொடும். 10 செ.மீ. இடைவெளியில் ஓடும் இரு செப்புப் பட்டைகளை அந்த ஓட்டத்தின் முதல் உச்சம் மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடைக்குச் சமமான விசையோடு உலுக்கும்.

இந்த ஓட்டத்தின் நடுவே இரண்டு உலோக முனைகளைப் பிரித்தால் மின்சாரம் நின்றுவிடாது. இடையிலுள்ள காற்றே கடத்தியாகி மின்வில் எரியத் தொடங்கும். செம்பு கொதிப்பது சுமார் 2,560 டிகிரி செல்சியஸில். மின்வில்லின் நடுப்பகுதி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சூடாகும். ஆகவே பிரேக்கரின் உண்மையான வேலை முனைகளைப் பிரிப்பதல்ல, இந்த மின்வில்லை அணைப்பது.

அணைக்கும் வழியில்தான் அழகு இருக்கிறது. முனைகளுக்கு மேலே இரும்புத் தகடுகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பிழை மின்னோட்டம் உண்டாக்கும் காந்தவிசையே மின்வில்லை அந்த அடுக்குக்குள் தள்ளிவிடும். உள்ளே போன ஒரு வில் பல துண்டுகளாக அறுபடும். ஒவ்வொரு துண்டும் உயிரோடிருக்க ஏறத்தாழ 25 வோல்ட் வேண்டும். தகடுகள் 13, இடைவெளிகள் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள்: தேவை 350 வோல்ட். வீட்டு 230 வோல்ட் இணைப்பின் உச்சமே 325 வோல்ட்தான். தீனி போதாமல் ஓட்டம் சரிந்துவிடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 முறை தானாகவே சுழியைத் தொடுவதும் கைகொடுக்கும். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஜோசப் ஸ்லெபியன் 1920களில் மின்வில்லைத் தகடுகளால் துண்டாக்கும் முறையை வளர்த்தெடுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1924இல், ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹ்யூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் இன்றைய எம்.சி.பி.யின் முன்னோடிக்குக் காப்புரிமை பெற்றது.

பெரிய பிரேக்கரிடம் இன்னொரு திறமையையும் எதிர்பார்க்கிறோம்: பொறுமை. மூன்றாம் மாடியில் ஒரு மோட்டார் எரிந்தால் அந்த மாடியின் பிரேக்கர்தான் விழ (டிரிப் ஆக) வேண்டும். கட்டடம் முழுவதும் இருளக் கூடாது. அதனால் முதன்மை ஏ.சி.பி.யில் 0.1 முதல் 0.4 நொடி வரை தாமதம் வைப்பார்கள். அதுவரை ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தாங்கிக்கொண்டு, முனைகள் விலகிவிடாமல், அது காத்திருக்க வேண்டும். கீழே இருப்பது தன் வேலையைச் செய்யத் தவறினால் மட்டுமே இது விழும்.

இத்தனையும் சரியாக நடக்குமா என்பதைப் பேனல் மாட்டும் நாளிலேயே சோதிக்கிறார்கள். போல்ட்டுகளை டார்க் ஸ்பேனரால் குறித்த அளவுக்கு முறுக்கி, பெயின்டால் கோடு இழுப்பார்கள்; பின்னாளில் போல்ட் நெகிழ்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். மெக்கர் என்னும் கருவியால் 1,000 வோல்ட் கொடுத்துக் காப்புத்தடையைப் பார்ப்பார்கள். உப்புக்காற்று வீசும் கடலோர ஊரில் இதைத் தவறவே விடக் கூடாது. பிறகு முனைகளின் தடையை மைக்ரோ ஓம் கணக்கில் அளப்பார்கள். 20 மைக்ரோ ஓம் உள்ள முனை 1,000 ஆம்பியரில் 20 வாட் சூட்டைத்தான் வெளியிடும். அதுவே 100 மைக்ரோ ஓம் ஆனால் 100 வாட். மூடிய பெட்டிக்குள் இரவும் பகலும் எரியும் ஒரு குண்டு பல்பு.

கடைசியாக வருவதுதான் முக்கியச் சோதனை. சில வோல்ட் மட்டுமே தரும் கருவியைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆம்பியரை பிரேக்கருக்குள் செலுத்துவார்கள். அமைத்த அளவைப்போல் மூன்று மடங்கு ஓட்டத்தில் எத்தனை நொடியில் விழுகிறது என்று பார்த்து, தயாரிப்பாளரின் வரைபடத்தோடு ஒப்பிடுவார்கள். உணரும் சுருள், முடிவெடுக்கும் மின்னணுப் பகுதி, விழவைக்கும் ஸ்பிரிங் மூன்றும் ஒன்றாகத் தேர்வெழுதுவது இதில்தான். மின்னணுப் பகுதிக்கு மட்டும் சிக்னல் கொடுத்துப் பார்ப்பது எளிது. ஆனால் சுருள் கெட்டிருந்தால் அது சொல்லாது.

ஒரு முறை தேறினால் போதாதா? போதாது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் பிரேக்கரில் கிரீஸ் காய்ந்து இறுகும். நூறில் சில பங்கு நொடியில் பாய வேண்டிய இயக்கம் மந்தமாகும், சிலவேளை ஒட்டியே போகும். வெளியில் பார்த்தால் கைப்பிடி ‘ஆன்’ நிலையில் இருக்கும், விளக்கெல்லாம் எரியும். இதுவரை ஒருமுறைகூட விழாத பிரேக்கர் நல்ல பிரேக்கர் என்று நாம் நினைப்பதற்கு அடிப்படையே இல்லை. அது நல்லதாகவும் இருக்கலாம், விழ மறந்ததாகவும் இருக்கலாம்.

அடுக்குமாடிச் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை அழைத்து முதன்மை பிரேக்கரை இயக்கிப் பார்த்து, அளவுகளை எழுதி வாங்கலாம். சென்ற ஆண்டின் தாளை அருகில் வைத்துப் படியுங்கள். மூன்று முனைகளில் ஒன்றின் தடை மட்டும் மற்றவற்றைவிடப் பாதிக்கும் மேல் கூடியிருந்தால், அடுத்துக் கெடப்போவது எது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.