கொல்லிமலை போக 52,000 ரூபாய் சைக்கிள் வேணுமா?

போன மாசம் என் சித்தி பையன் பெங்களூருல இருந்து போன் பண்ணான். "அண்ணா, ஒரு கியர் சைக்கிள் பார்த்து வெச்சிருக்கேன். 52,000 ரூபாய். ஒன்பது மாசம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. ஊருக்கு எடுத்துட்டு வந்து டென்ட் கட்டிக்கிட்டு கொல்லிமலை போகணும். வாங்கலாமா?"

கையில வர்ற சம்பளம் மாசம் 34,000. இ.எம்.ஐ. 5,778. அதாவது சம்பளத்துல 17 சதவீதம் ஒரு சைக்கிளுக்கு. அவன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "கடைசியா எப்படா சைக்கிள் ஓட்டுன?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "பிளஸ் டூ படிக்கும்போதுண்ணா."

இதை நான் கிண்டலா எழுதல. அதே தப்பை நான் முழுசா பண்ணி முடிச்சவன். ஆடிட்டர் ஆகி கையில நாலு காசு சேர்ந்ததும் 48,000 ரூபாய்க்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். ரெண்டு வருஷம் கழிச்சு மீட்டர்ல பார்த்தா 612 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்க, கிலோமீட்டருக்கு 78 ரூபாய். அந்தக் காசுக்கு ஏசி போட்ட கால் டாக்ஸியிலேயே போய் வந்திருக்கலாம். சைக்கிளோட உண்மையான விலை ஸ்டிக்கர்ல இல்ல, மீட்டர்ல இருக்கு.

முதல்ல அந்த 'நோ காஸ்ட்' என்னன்னு பார்த்துடுவோம். கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யில வங்கி வட்டி போடத்தான் செய்யும். கடைக்காரர் அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டுறார், அவ்வளவுதான். ஆண்டுக்கு 16 சதவீத வட்டி போடுற கார்டுன்னா, 52,000 ரூபாய்க்கு ஒன்பது மாசத்துல வட்டி மட்டும் சுமார் 3,300. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அது கிட்டத்தட்ட 595 ரூபாய், உங்க தலையிலதான். பிராசசிங் கட்டணம் 299ன்னா அதுக்கும் வரி சேர்த்து 353. ஆக 'வட்டியே இல்ல'ன்னு சொன்ன இடத்துல சுமார் 950 ரூபாய் போகுது. அதைவிட முக்கியம், வங்கிக்குக் கொடுக்கத் தயாரா இருக்கிற அந்த 3,300 ரூபாய் தள்ளுபடியை மொத்தப் பணம் கொடுக்கிற ஆளுக்கும் கொடுக்க முடியுமான்னு கடைக்காரர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க. கேட்காம யாரும் தர மாட்டாங்க.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதோட பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. தம்பி அனுப்பின போட்டோவுல ஸ்டிக்கர்ல 2025 ஜூன் தயாரிப்புன்னு இருந்தது. அந்த 52,000ல வரிக்கு முந்தைய விலை 46,429. புது வரியோட அது 48,750தான் வரணும். பழைய ஸ்டாக் வாங்கும்போது பில்லுல வரி வரியைப் படிச்சுட்டுக் காசு கொடுங்க. சைக்கிள் கடையில பில் கேட்க நம்ம ஆளுங்க ஏனோ கூச்சப்படுறாங்க.

"ஆபீசுக்கு சைக்கிள்ல போனா வரி மிச்சமாகுமா"ன்னும் கேட்டான். ஆகாது. பிரிட்டன்ல 1999 முதல் சம்பளத்துல பிடிச்சு, வரிச் சலுகையோட சைக்கிள் கொடுக்கிற திட்டம் இருக்கு. நம்ம ஊர்ல முன்னாடி மாசம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு விலக்கு இருந்தது. அதை எடுத்துட்டு நிலைக்கழிவு கொண்டுவந்தாங்க, புது வரி முறையில இப்ப அது 75,000. நடந்து போனாலும் கார்ல போனாலும் அதேதான்.

மாட்டுக் கொட்டாய்ல நிக்கிற சைக்கிள்

சரி, என்ன பண்ணலாம்? அவன் வீட்டுலயே ஒரு சைக்கிள் இருக்கு. பிளஸ் ஒன் படிக்கும்போது கவர்மெண்ட் கொடுத்தது. 2001-02ல ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்ச திட்டம், 2005-06ல அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல பிளஸ் ஒன் படிக்கிற எல்லாருக்கும் வந்தது. கெங்கவல்லி பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் கொட்டாய்லயோ மாடிப்படிக்கு அடியிலயோ ஒண்ணு தூசி படிஞ்சு நிக்கும். பழைய இரும்புக்குப் போட்டா சில நூறு ரூபாய். ஓவராயில் பண்ணா?

நாங்க பண்ணிப் பார்த்தோம். ரெண்டு டயர், ரெண்டு ட்யூப் 1,100. செயின் 180. பிரேக் கட்டை 120. பால்ஸ் கழட்டி கிரீஸ் வெச்சு, வீல் கோட்டம் எடுத்த கூலி 350. மொத்தம் 1,750 ரூபாய். உங்க ஊர்ல நூறு இருநூறு கூடக் குறைய இருக்கலாம்.

இந்த 1,750 ரூபாய் சைக்கிள்ல மூணு மாசம் ஓட்டணும். வாரத்துக்கு 40 கிலோமீட்டர், அதாவது சனி 20, ஞாயிறு 20. மூணு மாசத்துல 500 தாண்டும். தாண்டினா புது சைக்கிள் வாங்குங்க, நானே கூட வர்றேன். தாண்டலைன்னா 50,000 ரூபாய் தப்பிச்சதுன்னு வெச்சுக்குங்க.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம், நம்ம சமவெளிக்கு இந்த சைக்கிள் நிஜமாவே போதும். கெங்கவல்லியில இருந்து ஆத்தூர், தம்மம்பட்டி, வீரகனூர்னு எந்தப் பக்கம் போனாலும் பெரிய ஏத்தம் கிடையாது. மரவள்ளிக் காடு, பாக்குத் தோப்பு, சுவேத நதின்னு பார்த்துக்கிட்டே போகலாம். வடக்க கல்வராயன், தெக்க பச்சைமலை, தென்மேற்குல கொல்லிமலைன்னு மூணு பக்கமும் மலை தெரியும். ஏறணும்னு ஆசை வரும். அங்கதான் கணக்கு மாறுது.

மலைக்கு மட்டும் ஏன் கியர்?

சக்கரம் ஒரு சுத்து சுத்தினா சுமார் 2.1 மீட்டர். கியர் இல்லாத சைக்கிள்ல முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல்லுன்னா, பெடல் ஒரு சுத்துக்கு வண்டி 5 மீட்டருக்கு மேல போகுது. மலையில நீங்க மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்துல ஏறுவீங்க, அதாவது நிமிஷத்துக்கு 100 மீட்டர். அப்ப நிமிஷத்துக்கு 20 பெடல்தான். ஒவ்வொரு மிதியும் கிணத்துல இருந்து பாறையைத் தூக்குற மாதிரி இருக்கும். முட்டி போயிடும். முன்னாடி 24, பின்னாடி 28 பல் இருக்கிற சாதாரண கியர் சைக்கிள்ல பெடல் ஒரு சுத்துக்கு 1.8 மீட்டர். அதே வேகத்துக்கு நிமிஷத்துக்கு 55 பெடல். மூச்சு வாங்கும், ஆனா ஏறிடலாம்.

அதனால கடையில 'எத்தனை கியர்'னு கேட்காதீங்க. 21, 24, 27ன்னு சொல்லுவாங்க. 'முன்னாடி சின்னச் சக்கரம் எத்தனை பல், பின்னாடி பெரிய சக்கரம் எத்தனை பல்'னு கேளுங்க. முன்பல்லை விட பின்பல் அதிகமா இருந்தா அது மலைக்கு ஆகும்.

அடுத்து, குறைஞ்ச விலை சைக்கிள்ல முன்னாடி ஷாக் அப்சார்பர் வெச்சிருந்தா மயங்காதீங்க. எடைதான் கூடும், ரெண்டு மழைக்கு அப்புறம் சரியா வேலையும் செய்யாது. அந்தக் காசுக்கு நல்ல டயர் இருக்கிற சைக்கிள் பாருங்க. கேரியர் மாட்ட பின்னாடி போல்ட் துளை இருக்கான்னு குனிஞ்சு பார்க்கணும். துளை இல்லாத சைக்கிள்ல டென்ட்டை முதுகுல சுமந்துதான் போகணும். வால்வும் முக்கியம். மோட்டார் பைக்ல இருக்கிற மாதிரி தடியான வால்வுன்னா பெட்ரோல் பங்குலயே காத்து பிடிக்கலாம். மெல்லிசா, நுனியில திருகு வெச்ச பிரெஸ்டா வால்வுன்னா ஒரு சின்ன அடாப்டர் பையில இருக்கணும். இல்லைன்னா நல்ல பஞ்சர் கடை வாசல்லயே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பீங்க. அளவு பார்க்க, சைக்கிளுக்கு மேல ரெண்டு கால் பக்கமும் ஊன்றி நில்லுங்க. குறுக்குக் கம்பிக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு விரக்கடையாவது இடைவெளி வேணும்.

என் பிரேக் கட்டை

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுசா படிச்சுடுங்க.

காரவள்ளி வழியா கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது உங்க கால்தான் கஷ்டப்படும். இறங்கும்போது எல்லாமே பிரேக் கையில. ஆளு, சைக்கிள், மூட்டை சேர்த்து 90 கிலோ, இறக்கம் 900 மீட்டர்னு வெச்சுக்குவோம். இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 8 லட்சம் ஜூல். 1,000 வாட் அயர்ன் பாக்ஸை 13 நிமிஷம் ஓட விட்டா வர்ற சூடு அது. கொண்டை ஊசியில மெதுவா இறங்குறதால காத்து வாங்கிக்கிறது கொஞ்சம்தான். மிச்சம் பூரா ரெண்டு ஜோடி ரப்பர் கட்டையிலயும் ரிம்லயும்தான் இறங்கும்.

என் 48,000 ரூபாய் சைக்கிள்ல பின் பிரேக் கட்டை தேஞ்சிருந்தது எனக்குத் தெரியும். '500 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டேன். பாதி இறக்கத்துல இரும்பு ரிம்ல உரசுற சத்தம். பிரேக் பிடிச்சா வேகம் குறையல. எதிர்ல பஸ். முன் பிரேக்கை மட்டும் நம்பி, காலைத் தரையில தேய்ச்சு, உள்பக்கச் சுவரோரமா நிறுத்தினேன். மிச்ச இருபதுக்கு மேற்பட்ட வளைவுகளையும் தள்ளிக்கிட்டு நடந்துதான் இறங்கினேன். புதுக் கட்டை ஒரு ஜோடி 160 ரூபாய். மத்தவங்க செலவுக் கணக்கை எல்லாம் தணிக்கை பண்றவன், என் சைக்கிளைத் தணிக்கை பண்ணல.

கட்டையில வெட்டுக் கோடு தெரியுதான்னு பாருங்க. கோடு மறைஞ்சிருந்தா மாத்துங்க. இறக்கத்துல பிரேக்கைத் தொடர்ந்து பிடிச்சுக்கிட்டே வராம, வளைவுக்கு முன்னாடி அழுத்திப் பிடிச்சு விடணும். நாலஞ்சு வளைவுக்கு ஒரு தடவை நின்னு ஆற விடுங்க. ரிம்மைத் தொட்டுப் பார்க்காதீங்க, நான் தொட்டிருக்கேன்.

செயினுக்கு ஒரு இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின் நடுவுல ஆரம்பிச்சு 12 அங்குலம் அளங்க. புதுச் செயின்ல 24வது கண்ணியோட பின் சரியா 12ல நிக்கும். பதினாறுல ஒரு பங்கு அங்குலம் தாண்டிட்டா செயினை மாத்துங்க. எட்டுல ஒரு பங்கு தாண்டுற வரைக்கும் விட்டீங்கன்னா ஃப்ரீவீல் பல்லும் சேர்ந்து தேஞ்சிருக்கும். சில நூறு ரூபாய்ல முடியவேண்டியது ஆயிரத்துல போய் நிக்கும். எண்ணெய் விட்டுட்டு அப்படியே போகாதீங்க, பழைய பனியன் துணியால மேல இருக்கிறதைத் துடைச்சு எடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம்ம செம்மண் புழுதி பூரா அதுல ஒட்டிக்கும்.

இதுக்கெல்லாம் மாசம் 150 ரூபாய் தனியா எடுத்து வெச்சா போதும். கூடவே இன்னொரு 20 ரூபாய், மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு. மோட்டார் பைக் இன்சூரன்ஸோட வர்ற விபத்துக் காப்பீடு சைக்கிள்காரனுக்குக் கிடையாது. வங்கிக் கணக்கு இருக்கிற 18 முதல் 70 வயசு வரைக்கும் உள்ளவங்க பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துல சேரலாம். விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவு அதுல வராது. அது ஆபீஸ் குரூப் பாலிசியில வருமான்னு எச்.ஆர்.கிட்ட கேளுங்க. ஹெல்மெட், பின்னாடி சிவப்பு லைட் ரெண்டையும் பத்தி நான் வேற சொல்லணுமா?

டென்ட் எங்க கட்டுறது?

காட்டுல கட்டாதீங்க. நான் சொல்றது வனத்துறை காடு. நம்ம மலைகள்ல பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாம உள்ள போய்த் தங்குறது குற்றம், அடுப்பு மூட்டுறது அதைவிட ஆபத்து. 2018 மார்ச்சுல குரங்கணி தீயில மலையேறப் போனவங்க பலர் இறந்த பிறகு விதிமுறைகளை இன்னும் இறுக்கிட்டாங்க. ஓடைப் பக்கமும் வேண்டாம். ஆத்தூர்கிட்ட ஆனைவாரி அருவியில 2021 அக்டோபர்ல திடீர்னு வெள்ளம் வந்து, கைக்குழந்தையோட தாயை மீட்ட வீடியோவைப் பார்த்திருப்பீங்க. மேல மலையில மழை பெஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே தண்ணி வரும்.

முதல் கேம்ப்புக்கு என் யோசனை வேற காடு. நம்ம பக்கத்துல வயலையும் காடுன்னுதானே சொல்லுவோம்? 25 கிலோமீட்டர்ல ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருப்பாங்க. அவங்க காட்டுல மோட்டார் ரூம் வாசல்ல டென்ட் கட்டுங்க. தண்ணி இருக்கு, லைட் இருக்கு, நாய் காவல் இருக்கு. காலையில பம்ப்செட் குளியல். செலவு, போகும்போது வாங்கிட்டுப் போற ஒரு டஜன் வாழைப்பழம். எதை மறந்தோம், எதைச் சும்மா தூக்கிட்டு வந்தோம்னு ஒரே ராத்திரியில தெரிஞ்சிடும். டென்ட்டை முதல்ல கடன் வாங்குங்க. சித்திரை, வைகாசியில நம்ம ஊர்ல டென்ட்டுக்குள்ள படுத்தா இட்லி குண்டான்தான், கொசுவலையும் கோரைப் பாயும் போதும். விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுங்க.

தம்பி கவர்மெண்ட் சைக்கிளை பஸ்ல போட்டு பெங்களூரு எடுத்துட்டுப் போயிட்டான். இதுவரைக்கும் 140 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 12 ரூபாய் 50 காசுக்கு இறங்கியிருக்கு. 500 தாண்டினா ஒரு கியர் சைக்கிளை, மொத்தப் பணமா, 5 சதவீத பில்லோட வாங்கிட்டு கொல்லிமலை போறதா பேச்சு. டென்ட் என்னோடது. பிரேக் கட்டையை மட்டும் கிளம்புறதுக்கு முந்தின நாள் நானே கழட்டிப் பார்ப்பேன்னு சொல்லியிருக்கேன்.