கலைப்பதிலும் ஒரு நேர்மை

சீட்டுக்கட்டை நாம் கையால் கலைக்கிறோம். கணிப்பொறி எப்படிக் கலைக்கும்? அது 52 சீட்டுகளையும் 1 முதல் 52 வரை எண்ணிட்ட அறைகளில் வைத்திருக்கிறது. இத்தகைய அறைவரிசைக்கு 'அணி' என்று பெயர். அறைகளில் உள்ளவற்றை இடம் மாற்ற வேண்டும். எல்லா வரிசைகளுக்கும் சம வாய்ப்பும் கிடைக்க வேண்டும்.

இது வெறும் விளையாட்டன்று. எந்த வயலுக்கு எந்த உரம் என்பதை ஆராய்ச்சியாளர் தம் விருப்பப்படி ஒதுக்கினால், நல்ல மண்ணின் பெருமை உரத்திற்குப் போய்விடலாம். எனவே குலுக்கல் தேவை. அதற்கொரு முறையை ரொனால்டு ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் என்னும் பிரிட்டிஷ் புள்ளியியல் அறிஞர்கள் 1938-இல் வெளியிட்டனர். எண்களை எழுதிக்கொண்டு, குலுக்கலில் வந்ததை அடித்துவிட்டு, வேறொரு பட்டியலில் சேர்க்க வேண்டும். தாளில் இது எளிது. ஆனால் ஒவ்வொரு முறையும் அடிபடாதவற்றை எண்ணிச் செல்ல வேண்டும். பத்து லட்சம் எண்கள் என்றால் கணிப்பொறியும் திணறும்.

1964-இல் ரிச்சர்டு டர்ஸ்டன்ஃபெல்டு இதற்கு வழி கண்டார். எடுத்ததை அடிக்காமல், கடைசி அறையில் இருப்பதோடு இடம் மாற்றிவிட்டால் போதும்!

ஐந்து அறைகளில் அ, ஆ, இ, ஈ, உ இருப்பதாகக் கொள்வோம். குலுக்கலில் 2 வந்தது. ஆ, உ இரண்டும் இடம் மாறும்: அ, உ, இ, ஈ, ஆ. கடைசி அறை இனி முடிந்த கணக்கு. அடுத்து முதல் நான்கு அறைகளுக்குள் குலுக்கல். 1 வந்தால் அ, ஈ இடம் மாறும்: ஈ, உ, இ, அ, ஆ. இவ்வாறே மூன்று, இரண்டு எனக் குறைத்துக்கொண்டே வரலாம். ஐந்துக்கு நான்கு குலுக்கல். 52 சீட்டுகளுக்கு 51. இரண்டாவது பட்டியலும் வேண்டாம்.

"ஏன் குறைக்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் எல்லா அறைகளிலிருந்தும் குலுக்கினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். பலர் தவறுவது இங்கேதான். மூன்று சீட்டுகளை அப்படி மும்முறை குலுக்கினால் 3×3×3 = 27 வழிகள் உண்டு. மூன்று சீட்டுகளை அடுக்கக்கூடிய வரிசைகளோ ஆறுதான். 27-ஐ ஆறால் மீதியின்றி வகுக்க முடியுமா? ஆகவே மூன்று வரிசைகள் ஐந்து வழிகளிலும், மற்ற மூன்று நான்கு வழிகளிலும் வருகின்றன. பார்வைக்கு நன்றாகக் கலைந்ததுபோல் இருக்கும், உள்ளே ஓரவஞ்சனை! சரியான முறையிலோ 3×2 = 6 வழிகள்; வரிசைக்கு ஒன்று.

மூன்று காகிதத் துண்டுகளை வைத்து 27 வழிகளையும் நீங்களே எழுதிப் பாருங்கள். உண்மை விளங்கும்.