தனியொருவர் ஆக்கிய விளையாட்டு

கணினி விளையாட்டுக்களுட் பெரியனவற்றை இன்று நூற்றுக்கணக்கானோர் கூடி ஆக்குகின்றனர். சிலர் நிரல் எழுத, சிலர் ஓவியந் தீட்ட, வேறு சிலர் இசையமைப்பர். இவையனைத்தையும் ஒருவரே மேற்கொள்ளின் விளைவது யாது என்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகர்ப்பகுதியைச் சேர்ந்த எரிக் பறோன் என்பாரின் முயற்சி தக்க சான்றாகும்.

2011 இல் கணினியியற் பட்டம் பெற்ற அவருக்கு உரிய தொழில் வாய்க்கவில்லை. கைத்திறனை வளர்க்கும் நோக்குடன் வேளாண் வாழ்க்கை பற்றிய சிறு விளையாட்டொன்றைத் தொடங்கினார். அது நாலரை ஆண்டுகளை விழுங்கியது. அரங்கொன்றில் இருக்கை காட்டும் பகுதிநேர வேலையும் துணைவியாரின் உழைப்புமே வாழ்க்கையைத் தாங்கின. பொருள்முடையினுங் கொடியது தனிமை எனலாம். 'இது போதும்' என்று சொல்ல உடனுழைப்பார் இலர். ஆதலின் வரைந்த உருவங்களையே மீண்டும் மீண்டும் வரைந்தார். முற்றுப்பெறா விளையாட்டை முன்கூட்டியே விற்றுப் பொருளீட்டும் வழக்கம் இத்துறையில் உண்டு. அதற்கும் அவர் இசைந்திலர்.

'ஸ்ரார்டியூ வாலி' எனும் அவ்விளையாட்டு 2016 பெப்ரவரி 26 இல் வெளிவந்தது. இரு திங்களுட் பத்து இலட்சம் படிகள் விற்பனையாயின. 2024 இறுதியில் அத்தொகை நான்கு கோடியைக் கடந்தது. இத்தகைய பேறு தனித்துழைப்போர் பலருக்கும் கிட்டுவதன்று. எனினும் ஓவியமும் இசையும் கதையும் ஒரே உள்ளத்தினின்று பிறந்தமையால் அமைந்த இசைவு, விற்பனைத் தொகையினும் பெரிது. வெளியீட்டின் பின்னரும் வேலை அவரை விட்டபாடில்லை. பிழை திருத்தியும் புதியன சேர்த்தும், முன்பு வாங்கியோருக்கு விலையின்றியே வழங்கி வந்தார்.