இலையைக் கண்டு இனம் அறியலாகாது

கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், காரட் ஆகிய ஐந்தும் ஒரே குடும்பத்துச் செடிகளென்று தாவர சாஸ்திரிகள் வகுத்திருக்கின்றனர். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தாமே முளைக்கும் பூண்டுகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்தது எது, சேராதது எது என்று அறிவது குடியானவர்களுக்கு மிகவும் பிரயோஜனமானது. இலையை மட்டும் நம்புவோர் ஏமாறுவர்.

பூவும் காயுமே நிச்சயமான அடையாளங்கள். பூங்கொத்தின் காம்புகளெல்லாம் குடைக்கம்பிகளைப் போல் ஒரே இடத்திலிருந்து பிரியும். பூவுக்கு இதழ் ஐந்து. காய் உலர்ந்தபின் இரண்டு பாதிகளாகப் பிரியும். கொத்தமல்லியை விதைக்குமுன் தேய்த்து இரண்டாக உடைப்போர் இதை நன்கறிவர்.

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கம் தீவைப் போன்ற ஈரப்பாங்கான நிலங்களில் படரும் வல்லாரை இக்குடும்பத்தது. அதன் இலை காரட்டிலையைப் போல் நறுக்குண்டதன்று; வட்டமாய், காம்பு சேருமிடத்தில் பிளவுற்று, ஓரம் பல் பல்லாய் இருக்கும். கணுவுக்குக் கணு வேர்விட்டு, நீண்ட காம்புள்ள இலைகள் பல ஒருங்கே எழும். அவ்விலைகளுக்கடியில் மறைந்துள்ள செந்நிறச் சிறு பூக்களையும் தட்டையான காய்களையும் கண்டால் ஐயம் தீரும். இலையால் இதனோடு மயங்கத்தக்க எலிச்செவியோ மஞ்சள் நிறப் புனல் போன்ற பூவுடையது, வேறு குடும்பத்தது. வல்லாரையைக் கீரைக்காகப் பறிப்போர் சாக்கடை நீர் பாயுமிடத்தை விலக்குதல் அவசியம்.

இதற்கு நேர்மாறானது பார்த்தீனியம். அதன் இலை காரட்டிலையைப் பெரிதும் ஒத்திருத்தலின், வடநாட்டார் அதைக் 'காரட் புல்' என்றே அழைக்கின்றனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இப்பூண்டு 1955-இல் பூனாவில் காணப்பட்டு, பின்னர் தேசமெங்கும் பரவியது. இது சூரியகாந்தியின் குடும்பத்தது. வெள்ளைப் பூக்கள் தொலைவிலிருந்து பார்க்கையில் குடைபோல் தோன்றினும், காம்புகள் வெவ்வேறு உயரத்தில் கிளைப்பதைக் கையில் எடாமலே காணலாம். இதைத் தொட்டுப் பழகுவோர்க்குத் தோலில் அரிப்பும் புண்ணும், மகரந்தத்தால் மூச்சிரைப்பும் உண்டாகக்கூடும். மேய்ந்த மாட்டின் பாலும் கசக்கும்.

ஆகவே, ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்ப்பதால், பார்த்தீனியத்தைப் பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில், கையுறை அணிந்து வேரோடு களைதல் வேண்டும். பெயர் தெரியாத பூண்டு எதையும், இலை காரட்டைப் போன்றது, மணம் கொத்தமல்லியைப் போன்றது என்ற அளவில் கறிக்குச் சேர்த்தலாகாது. மேனாடுகளில் கொடிய நஞ்சுடைய செடிகளும் இதே குடும்பத்தில் உள. குடும்பத்தை அறிவது பாதி அறிவே. செடியையே அறிந்தபின்னரே அதை அடுப்பேற்ற வேண்டும்.